கஸ்ஸாலி கூறும் மூன்றாம் சாரார்

நல்லொழுக்கம் உள்ள மாற்றாருக்கும் சுவனம் உண்டு என்பதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ், வபாத் ஹி. 505) இயற்றிய 'ஃபைஸலுத் தஃப்ரிகா'வைச் சான்று காட்டுவோர் உளர். நூலை முழுமையாக ஓதியோர் அங்ஙனம் கூறத் தயங்குவர்.

இமாம் தம் காலத்து ரோமக் கிறிஸ்தவரையும் துருக்கியரையும் கருத்திற்கொண்டு மூன்று சாராரைக் குறிக்கிறார். நபிகளாரின் (ஸல்) பெயரே எட்டாதோர் மன்னிப்புக்குரியர். முஸ்லிம்களின் அண்டையில் கலந்து வாழ்ந்து, நபித்துவச் சான்றுகள் எட்டியும் மறுத்தோர் அத்தகையர் அல்லர். மூன்றாம் சாரார் அப்பெயரைக் கேட்டனர். ஆனால் பொய்யர் ஒருவரின் பெயராகவே இளமை முதல் கேட்டனர். இவர்களும் முதல் சாராரைப் போன்றோரே என்பது இமாமின் தீர்ப்பு.

இங்கே அளவுகோல் ஒழுக்கமன்று. தூது சென்றடைந்த விதமே. உறவைப் பேணி, ஏழைக்கு உணவளித்த இப்னு ஜுத்ஆனுக்கு அவை பயனளிக்கா என அன்னை ஆயிஷாவிடம் (ரலி) நபிகளார் கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. கஸ்ஸாலியைக் கொண்டு அதனை மறைத்தல் தகாது.

எனினும் எனக்கொரு தடை உண்டு. கலந்து வாழ்ந்தோரை இமாம் அறிந்தோராகவே கொள்கிறார். நிறுவையில் மோசம் செய்யும் முஸ்லிம் வணிகரை மட்டுமே நாள்தோறும் கண்ட அண்டை வீட்டார் எச்சாரார்? அவருக்கு எட்டியதும் திரிந்த செய்தியே அன்றோ? அவரை இரண்டாம் சாராரில் சேர்க்க எனக்குக் கை எழவில்லை.