நட்டைத் தளர்த்தும் கை

கிட்டங்கித் தாம்போதியை மேவி ஓடிய மாரித் தண்ணீர் வடிந்து சில வாரம் போனால், கல்முனைக்கும் சவளக்கடைக்கும் இடையில் ஓடுகிற பழைய கார்களின் முன் சில்லுகள் முனகத் தொடங்கும். பிரேக் பிடித்துச் சூடேறிய ஹப் சட்டென்று தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஓயில் சீலின் உதட்டைத் தாண்டித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிறீஸ் பால் நிறமாகும். கார் நின்றுகிடக்கும் நாட்களில் பெயாரிங்கின் ரோலர்கள் தொட்ட இடங்களிலெல்லாம் அதன் வெளி வளையமான கப்பில் துரு வரிவரியாகப் படியும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த வரிகள் பேசும்.

இந்த முனகலை அடக்குவதில் சவளக்கடையில் வேலை செய்த ஒரு மெக்கானிக் பாஸுக்கு நிகராக நான் எவரையும் கண்டதில்லை. கொரோலா டிஎக்ஸ் வேகன்தான் அவருக்குப் பிடித்த வண்டி. வளைவில் காரை வலப்பக்கம் திருப்பும்போது சத்தம் கூடினால் இடச் சில்லு என்பதை ஓட்டி வந்தவரே சொல்லிவிடுவார். பாஸ் அதைக் கேட்டுக்கொள்வார், நம்பிவிடமாட்டார். ஜக் அடித்துத் தூக்கிய சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுவார். மிதித்த பிறகும் ஆடினால் குற்றம் போல் ஜொயின்ட் பக்கம், நின்றுவிட்டால் பெயாரிங்கில். அப்புறம் சில்லைச் சுழலவிட்டு, இடது உள்ளங்கையைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைப்பார். காதுக்கு எட்டாத கரகரப்பு அந்தக் கம்பி வழியே கைக்கு வந்துவிடும். “தண்ணி குடிச்சிரிக்கி தம்பி, கழட்டத்தான் வேணும்” என்பார்.

பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால்தான் வெளியே தள்ளுவார். புதியதை எதிரெதிர்ப் பக்கமாகத் தட்டி இறக்கும்போது பேச்சு நின்றுவிடும். அதுவரை கலகலத்துக்கொண்டிருந்த தட்டல், கப் அடியில் போய் உட்காரும் கணத்தில் கனத்துப்போகும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு அவர் இன்னொரு அடி அடித்து நான் பார்க்கவில்லை. கிறீஸ் வைப்பதும் கையால்தான். உள்ளங்கையில் ஓர் உருண்டையை வைத்து, ரோலர்களைத் தாங்கும் உள் வளையமான கோனின் அகன்ற வாயால் அதை வெட்டி வெட்டி அழுத்துவார். ரோலர்களுக்கு நடுவே கிறீஸ் இடியாப்பம்போல் மறுபக்கம் பிதுங்கி வரும்வரை விடமாட்டார்.

ஆனால் என் மனம் போய் நிற்பது பெயாரிங்கை இறுக்கிப் பிடிக்கும் நட்டில். ஹப்பைச் சுழற்றிக்கொண்டே முதலில் நன்றாக இறுக்குவார், ரோலர்கள் தங்கள் இடத்தில் படிய. உடனே அத்தனை இறுக்கத்தையும் தளர்த்திவிடுவார். அடுத்த இறுக்கு சொக்கெட்டை மட்டும் விரல்களால் பிடித்து, கைப்பிடி கிடையாது. கொட்டர் பின்னின் துளை நேருக்கு வராவிட்டால் பின்னோக்கித்தான் நகர்த்துவார், முன்னோக்கி ஒருபோதும் இல்லை. டொயோட்டாவின் கைநூல் சில்லு போல்ட்டில் ஸ்பிரிங் தராசைக் கொளுவி இழுத்துப் பார்க்கச் சொல்கிறது. வேறு பல தயாரிப்புகளுக்கு 0.025 முதல் 0.125 மில்லிமீற்றர் வரை ஆட்டம் விடச் சொல்வார்கள். பாஸ் தராசு வைத்திருக்கவில்லை. ஹப்பை ஒரு விரலால் சுழற்றி, அது நிற்கிற விதத்தைப் பார்ப்பார். ஊரைச் சுற்றி ஓட்டி வந்து புறங்கையை ஹப்பில் வைப்பார். கை தாங்காத சூடு என்றால் திரும்பவும் கழற்றுவார்.

இப்படி நட்டால் அளவு வைக்கிற டேப்பர் ரோலர், அதாவது சரிவு ரோலர், பெயாரிங்குக்கு 1898இல் அமெரிக்காவில் ஹென்றி டிம்கன் காப்புரிமை பெற்றார். அவர் குதிரை வண்டி செய்தவர். திருப்பத்தில் அச்சுக்குப் பக்கவாட்டில் விழும் பாரத்தை அறிந்த ஒருவரின் யோசனை அது. பாரத்தை இரு திசையிலும் தாங்கும், தேய்ந்தால் நட்டால் சரிசெய்யலாம், திறந்து கழுவித் திரும்பவும் பூட்டலாம். இதுவே சிறந்தது என்பதை மொறிஸ் மைனர் பிரியர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வந்த அந்தக் காரில் இரண்டு போல் பெயாரிங்குகளுக்கு நடுவே ஒரு குழாய்த் துண்டு இருக்கும். நட்டை முழுதாக இறுக்கிவிட்டுப் போகலாம், அளவு பார்க்கிற வேலையே இல்லை என்பார்கள். உண்மைதான். எனக்கோ மெக்கானிக்கின் கைக்கு இடம் விடுகிற பொறிதான் உயர்ந்தது.

1983இல் கொரோலா செடான் முன்சில்லு இழுவைக்கு மாறியது. அதோடு நக்கிளுக்குள் அழுத்தி ஏற்றுகிற இரட்டை வரிசைப் பெயாரிங் வந்தது. அது நீண்ட காலம் உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பிரெஸ்ஸில் ஏற்றும்போது அழுத்தம் வெளி வளையத்தில்தான் விழவேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் ஓடுபாதையைக் குழித்துவிடும். கார் கராஜை விட்டு இறங்குமுன்பே பெயாரிங் பழுதாகிவிடும். இன்று பிரெஸ் இல்லாத இடங்களில் சம்மட்டியால் ஏற்றுகிறார்கள். டேப்பர் ரோலர் நட்டையும் காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் இறுக்கி அனுப்புகிறார்கள். பெயர்பெற்ற ஜப்பான் பெட்டிக்குள் போலிச் சாமான் வருவது இன்னொரு துயரம்.

2020 மார்ச்சில் இலங்கை நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடம் இந்தப் பழைய கார்களே நம்மைச் சுமந்தன. அவற்றின் விலை ஏறிய அளவுக்கு அவற்றைத் தொடுகிற கையின் தரம் ஏறவில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கோனை மட்டும் மாற்றிப் பழைய கப்பை விட்டுவைக்க இணங்காதீர்கள். இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வரட்டும், சீலும் கொட்டர் பின்னும் புதிதாகட்டும். நட்டை இறுக்கும் நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள். அதைத் தளர்த்தாமல் பின்னைக் குத்துகிறவரிடம் அடுத்த சில்லைக் கொடுக்காதீர்கள்.