கிளப்பில் யாருக்கு இலை?

வெள்ளைக்காரன் 'கிளப்' என்றால் கூடிப் பேசும் சங்கம். நம்மூரில் அந்தச் சொல் சாப்பாட்டுக் கடைக்குப் பெயராகிப் போனது: காபி கிளப், 'பிராமணாள்' கிளப். இரண்டும் ஒன்றுசேர்ந்த இடத்தைத்தான் இப்போது 'வாசகர் வட்டம்' என்கிறார்கள். ஓட்டலில் ராத்திரிச் சாப்பாடு, கையில் புத்தகம், சுற்றிலும் ஆண்கள்.

இதற்கு வம்சாவளி உண்டு. 1764இல் லண்டனில் ஓவியர் ரெனால்ட்ஸும் சாமுவேல் ஜான்சனும் தொடங்கிய இலக்கிய கிளப், மதுவிடுதியில் கூடித் தின்று பேசியது. தொடங்கிய ஒன்பது பேரும் ஆண்கள். நம் பக்கம் திருநெல்வேலியில் டி.கே.சி.யின் வட்டத்தொட்டி; அது வீட்டு முற்றம், ஓட்டல் அல்ல. ஆனால் அங்கே கவிதையும் விருந்தோம்பலும் சேர்ந்தே பேசப்பட்டன. அதைப் பற்றிச் சொல்லும்போது வரும் பெயர்களும் பெரும்பாலும் ஆண்களுடையவை. எங்கள் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவினார். பெரிய காரியந்தான். ஆனால் ஜமீன் வருமானம் என்பது வானம் பார்த்த புஞ்சையில் வெயில் காய்ந்தவர்களின் உழைப்பு. அவர்களுக்கு அந்தச் சபையில் பாய் விரித்தது யார்?

தமிழில் 'சுவை' நாக்குக்கும் உண்டு, கவிதைக்கும் உண்டு. 'சுவைக்கு ஜாதி கிடையாது' என்று இந்த வட்டங்களில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்காரரான பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார். அதில் ஒரு பெரியவர், முதலாளிக்கு வாங்கிய பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பலகாரம் தீட்டுப்படக் கூடாதாம்! இதைப் படித்தபிறகும் சுவைக்கு ஜாதி இல்லை என்பீர்களா?

ஓட்டலுக்குள் நுழையும் உரிமையை அரசியல் சட்டம் 1950இல் எழுதி வைத்தது. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் ஓட்டல் பாத்திரத்தைப் புழங்கும் உரிமையையும் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. தனிக் கிளாஸ் இருந்த நாட்டில் வேறென்ன செய்வது?

'நாங்க யாரையும் வர வேண்டாம்னு சொல்லலையே' என்பார்கள். வாஸ்தவம். சொல்லத் தேவையில்லை. கூலி வேலைக்குப் போகிறவருக்குப் பில் பணமே சொல்லிவிடும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்ணுக்குக் கடிகாரமே சொல்லிவிடும். எச்சில் தட்டெடுக்கிற பையனும் அந்த அறையில்தான் நிற்கிறான். அவனிடம் புத்தகம் பற்றி ஒருவராவது கேட்டதை நான் பார்த்ததில்லை.

சேர்ந்து சாப்பிடுவதை நான் எதிர்க்கவில்லை. சமபந்தி நமக்கும் வேண்டிய அரசியல்தான். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைப் பகலில், சேரியில், பெண்களும் வரும் நேரத்தில் கூடுங்கள். சோற்றை எல்லாரும் சேர்ந்து ஆக்குவோம். ஆண்கள் பாத்திரம் கழுவட்டும். முதல் புத்தகம் 'கருக்கு'.