பேரியம் இல்லாத பச்சை

சூப்பர் மாரியோவில் கொடிக்கம்பத்தைத் தொடும் நேரத்தில், மேலே ஓடும் கடிகாரத்தின் கடைசி எண் 1, 3, 6 இவற்றில் ஒன்றாக இருந்தால் கோட்டைக்கு மேலே வெடி போடும். எண் எத்தனையோ அத்தனை வெடி, வெடிக்கு 500 புள்ளி. 1985இல் ஜப்பானில் வந்த கேம். எங்களுக்குத் தொண்ணூறுகளில் ‘டிவி கேம்’ என்று விற்ற காப்பியடித்த பெட்டியில் வந்து சேர்ந்தது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் கம்பத்தின் உச்சியைப் பிடிக்கப் பாய்ந்திருப்பார்கள். சிவகாசியில் நாங்கள் கம்பத்துக்கு முன்னால் நின்று 6 வரட்டும் என்று காத்திருப்போம். புள்ளிக்காக இல்லை, ஆறு வெடி பார்க்க வேண்டும் என்பதற்காக. அதுவும் பெரிய வெடியா என்றால், குருவி வெடியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

இன்றும் நான் பெரிய கேமர் கிடையாது. ஆப்செட் பிரஸ்ஸில் வேலை. காலண்டர் சீசன் வந்துவிட்டால் ஜாய்ஸ்டிக் பக்கமே கை போகாது. அறுபது மணி நேரம் கேட்கிற கேம் எதையும் முடித்ததில்லை. வாள், டிராகன், அதற்கு நடுவில் பத்து நிமிட வசனம் என்றால் தூக்கம் வந்துவிடும். ஆனால் வாணவேடிக்கை இருக்கும் கேம் என்று கேள்விப்பட்டால் விடுவதில்லை. ஊர்ப் புத்தி. குட்டி ஜப்பான் என்று பேர் வாங்கிய ஊரிலிருந்து, நிஜ ஜப்பான்காரன் திரையில் வெடிப்பதைப் பார்த்து மார்க் போடுவதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

இந்த வகையில் தலைமகன் ‘ஃபேன்டாவிஷன்’. 2000 மார்ச்சில் ஜப்பானில் ப்ளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) விற்பனைக்கு வந்த ஒரு வாரத்துக்குள் சோனியே வெளியிட்டது. புது மெஷின் எத்தனை தீப்பொறியை ஒரே நேரத்தில் திரையில் இறைக்க முடியும் என்று காட்டுவதற்காகவே செய்தது போல இருக்கும். கதை இல்லை, எதிரி இல்லை, முழுக்க முழுக்க வாணம்தான். செகண்ட் ஹேண்ட் பிஎஸ்2 ஒன்றும் இந்த டிஸ்க்கும் கைக்கு வந்த பிறகு, மற்ற டிஸ்க்குகள் அலமாரியில் தூங்குகின்றன.

விளையாட்டு இதுதான். கீழிருந்து வண்ண உருண்டைகள் மேலே ஏறி வந்து, சில நொடிகள் வானத்தில் மிதந்து, மங்கத் தொடங்கும். ஒரே நிறத்தில் மூன்றையோ அதற்கு மேலோ கோடு போட்டுக் கோத்து, இன்னொரு பட்டனைத் தட்டினால் அத்தனையும் ஒன்றாகப் பூக்கும். கோக்காமல் விட்டது புஸ்ஸென்று அணையும், லைஃப் குறையும். பல நிறம் கலந்த உருண்டை ஒன்று நடுநடுவே வரும். அதைப் பாலமாக வைத்துச் சிவப்பிலிருந்து நீலத்துக்கும் நீலத்திலிருந்து பச்சைக்கும் தாவி நீளமாகக் கோத்துக்கொண்டே போகலாம். நட்சத்திரம் சேர்த்தால் ‘ஸ்டார்மைன்’ என்ற போனஸ் சுற்று. அதில் வானம் நிறைந்து வழியும்.

மூன்று கோத்தவுடன் வெடித்துவிடலாம், பாதுகாப்பு. இன்னும் மூன்று சேரட்டும் என்று பொறுத்தால் புள்ளி ஏறும், ஆனால் முதலில் பிடித்தது மங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பேராசைக்கும் பயத்துக்கும் நடுவில் விரல் நிற்கும் இடம்தான் இந்தக் கேம். ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம், பத்து நிமிடம் ஆடிவிட்டுச் சாப்பிடப் போகலாம். என்னைப் போன்றவனுக்கு வேறென்ன வேண்டும்?

சித்தப்பா ஒருவர் பட்டாசு ஆலையில் ரொம்ப வருஷம் போர்மேனாக இருந்தவர். ஒரு நாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன்டா, இது மேல போயி வெடிக்காம எரிஞ்சுக்கிட்டே நிக்குது?”

“நான் பட்டன அமுக்குனாத்தான் வெடிக்கும் சித்தப்பா.”

“அப்ப இது மணிமருந்து இல்ல, மத்தாப்பு. மணிமருந்துன்னா உள்ள இருக்குற மருந்து வெடிச்சுத் தள்ளுற நேரத்துலதான் பத்தும். அதுக்கு முன்னாடி கலரு தெரிஞ்சா அது பழுது.”

சரிதான். நிஜ வாணத்தில், அதாவது ஷெல்லில், அடியில் உள்ள கருமருந்து மேலே தள்ளிவிடும். உள்ளே திரி தன் கணக்குக்கு எரிந்துகொண்டே போகும். உச்சியில் நடு மருந்து வெடித்து, சுற்றி அடுக்கிய மணிமருந்தை, அதாவது நிறம் தரும் மருந்து உருண்டைகளை, பற்றவைத்து நாலா பக்கமும் எறியும். ஏறும்போது நிறம் தெரியாது, மேலே எங்கே எப்போது என்பதும் பார்ப்பவன் கையில் இல்லை. கேம்காரன் அந்த நேரத்தைத் திரியிடமிருந்து பிடுங்கி நம் விரலிடம் கொடுத்துவிட்டான். வேதியியலாகப் பார்த்தால் பிழை. ஆனால் அந்தப் பிழை இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை.

நிறத்திலும் இப்படி ஒரு சலுகை. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குத் தாமிரம். இதில் நீலம்தான் மருந்துக்காரர்களுக்குத் தலைவலி. சூடு கொஞ்சம் கூடினாலும் நிறம் தரும் தாமிரச் சேர்மம் சிதைந்து வெளிறிப்போகும். அதனால்தான் நல்ல ஆழமான நீலத்தைத் தீபாவளி வானத்தில் அபூர்வமாகப் பார்க்கிறோம். ஃபேன்டாவிஷனில் நீலம் சிவப்புக்குச் சமமாகச் சல்லிசாகக் கிடைக்கிறது. எனக்கு அந்த நீலம்தான் கண்ணை உறுத்தும், நம்ப முடியாத சுத்தம்.

பச்சையோ வேறு கதை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் கூடாது, சரவெடி கூடாது என்றது. 2021இல் அதை மறுபடி உறுதி செய்தது. 2023 செப்டம்பரில் உற்பத்தியாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள், மறுத்துவிட்டது. இப்போது ஃபேன்டாவிஷனை நினைத்துப் பாருங்கள். அதன் உயிரே நீளமாகக் கோத்து ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பது, அதாவது சரம். அதில் வருகிற நிறங்களில் ஒன்று பச்சை. சிவகாசியில் செய்ய முடியாத இரண்டையும் சிவகாசி வீட்டில் உட்கார்ந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வெடிக்கிறேன், கேட்க ஆளில்லை.

மெஷின் பழசு என்பதால் டிவி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயரில் பிஎஸ்2வை இன்றைய 4கே டிவியில் மாட்டினால், பூ விரியாது, பஞ்சு மிட்டாய் விரியும். படத்தைப் பெரிதாக்கும்போது டிவி பொறிகளையெல்லாம் ஒன்றோடொன்று பூசிவிடுகிறது. அதைவிட மோசம் வானம். விலை குறைந்த எல்இடி டிவியில் பின்விளக்கு கசிந்து கருப்பு சாம்பலாகத் தெரியும், சாம்பல் வானத்தில் வாணம் எடுபடாது. எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த பழைய டப்பா டிவியை இறக்கி மாட்டினேன். கருப்பு கருப்பாகவே நின்றது, பொறி ஊசி முனையாகக் குத்தியது. புது டிவியில்தான் ஆட வேண்டும் என்றால் ஓஎல்இடிக்குப் போக வேண்டும், அல்லது அறை விளக்கை முழுக்க அணைக்காமல் ஒன்றை எரியவிட வேண்டும். அப்போது சாம்பல் கொஞ்சம் மறையும்.

அடுத்தது சத்தம். வெளியில் வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும் என்பதால் நூறு மீட்டருக்கு மேல் பூக்கிற ஷெல்லின் சத்தம் காதுக்கு வர நொடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஆகும். அந்த இடைவெளியில்தான் கூட்டம் ‘ஆ’ என்று வாய் திறக்கும். மாரியோவில் அந்த இடைவெளி கிடையாது, படமும் டமாரும் ஒட்டியே வரும். ஃபேன்டாவிஷனுக்கு எனக்குக் குறுக்குவழி ஒன்று கிடைத்தது. சத்தத்தை டிவி வழியாக மலிவான ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு அனுப்பினால், அது தன் பாட்டுக்குத் தாமதமாகத்தான் கொடுக்கும். நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் என்று வைத்துக்கொண்டால் வெடி ஏறக்குறைய 68 மீட்டர் தள்ளிப் போய்விட்டது என்று பொருள். ஸ்பீக்கர்க்காரன் குறை என்று நினைப்பது வாணத்துக்கு நிறை.

அதே ஸ்பீக்கர் ‘பூம் பூம் ராக்கெட்’டைக் கொன்றுவிடும். 2007இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்தது. பீத்தோவன் வகையறாவின் மேற்கத்தியச் செவ்வியல் இசையை டான்ஸ் பாட்டாக்கி, அதன் தாளத்துக்கு ராக்கெட் ஏறும். திரையில் போட்டிருக்கும் கோட்டை ராக்கெட் தொடும் கணத்தில் சரியான பட்டனைத் தட்ட வேண்டும். கால் நொடி பிசகினாலும் போச்சு. டிவியில் தாமதத்தைக் குறைக்கும் ‘கேம் மோட்’ போடாமல் ஆடிவிட்டு எனக்குத் தாளஞானம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நகர வெளிச்சமும் பாட்டும் நன்றாக இருக்கும். ஆனால் கண் முழுக்கக் கோட்டிலேயே இருப்பதால் மேலே வெடித்ததைப் பார்க்கவே முடியாது. வாணவேடிக்கைக் கேமில் வாணத்தைப் பார்க்க நேரமில்லை என்றால் என்ன கேம் அது? 2024 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360இன் ஆன்லைன் கடையையும் மூடிவிட்டார்கள்.

‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ இதற்கு நேர் எதிர். நின்டென்டோ இந்தியாவில் நேரடியாகக் கடை விரிக்காததால், இந்தக் கேம் ஓடும் ஸ்விட்ச் மெஷின் நம்மூருக்கு வெளிநாட்டுச் சரக்காகத்தான் வருகிறது. வாரன்டி என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். அந்தக் கேமில் நமக்கென்று இருக்கும் தீவில் ஆகஸ்ட் மாத ஞாயிறுதோறும் இரவு ஏழு மணிக்கு வாணவேடிக்கை தொடங்கி நள்ளிரவு வரை நடக்கும். ஜப்பானில் வாணவேடிக்கைக் காலம் கோடைதான், ஆற்றங்கரைத் திருவிழாக்கள் ஜூலை, ஆகஸ்டில். அதனால் ஐப்பசியில் அந்தத் தீவுக்குப் போனால் வானம் வெறுமையாகக் கிடக்கும். தமிழ்நாட்டில் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அளந்து கொடுத்திருக்கும் நமக்கு, ஏழு முதல் பன்னிரண்டு என்பது ஆடம்பரம்.

அந்தத் தீவில் நாமே கட்டம் கட்டமாகப் படம் வரைந்து கொடுத்தால் அதையே வானத்தில் விடுவார்கள், 32க்கு 32 புள்ளி. இதயம், சிரித்த முகம், பெயர் எது வேண்டுமானாலும். ஃபேன்சி ஷெல்லிலும் இதயம் உண்டு, மணிமருந்தை அந்த வடிவத்தில் உள்ளே அடுக்கியிருப்பார்கள். ஆனால் ஷெல் உருண்டுகொண்டே ஏறுவதால் இதயம் கவிழ்ந்தோ படுத்தோதான் பெரும்பாலும் விரியும். அதனால்தான் ஒரே உருவத்தை நாலைந்து சேர்த்து விடுவது, ஒன்றாவது நம்மைப் பார்க்கட்டும் என்று. ஸ்விட்ச் தீவில் எல்லா இதயமும் நம்மைப் பார்த்தே சிரிக்கிறது. நான் பட்டாசுக் கம்பெனி லேபிள் மாதிரி ஒரு மயில் வரைந்து விட்டேன், அழகாகத்தான் இருந்தது. புகை இல்லை, காகிதக் குப்பை இல்லை. முதல் ஷெல்லின் புகையில் இரண்டாவதன் நிறம் பட்டு மேகமே சிவக்கும் அந்தக் காட்சியும் இல்லை.

இத்தனை கேமிலும் வாணம் எங்கிருந்தோ வந்து வெடிக்கிறது. செய்கிற கை ஒன்றில்கூட இல்லை. கனடா டொரன்டோவில் ‘விசை கேம்ஸ்’ 2023இல் ‘வெண்பா’ என்று ஒரு சமையல் கேம் கொண்டுவந்தது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம், கிழிந்த சமையல் நோட்டு, ஆவி ஏறும்படி இட்லித் தட்டை எப்படி மாற்றி அடுக்குவது என்பதே முதல் புதிர். 2024இல் பாஃப்டா விருது வாங்கியது. இட்லித் தட்டு புதிராகலாம் என்றால் குழாய் சுற்றுவதும் திரி வெட்டுவதும் மணிமருந்து காயவைப்பதும் ஏன் ஆகக்கூடாது? ஆலையில் உராய்வு கூடாது, இரும்புக் கருவி கூடாது, ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது, வெயில் ஏறினால் கலவை வேலையை நிறுத்து. ஒவ்வொன்றும் கேமுக்கென்றே செய்த விதி மாதிரி இருக்கிறது. ஆனால் தப்பினால் ‘ரீஸ்டார்ட்’ என்று அதில் காட்ட முடியாது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் உயிர் போன மாவட்டம் இது. அந்தப் பாரத்தைத் தாங்குகிற கேமைச் செய்ய நல்ல கை வேண்டும், அவசரக் கை கூடாது.

வாங்க நினைப்பவர்களுக்கு: பிஎஸ்5 வைத்திருந்தால் ‘ஃபேன்டாவிஷன் 202எக்ஸ்’ இருக்கிறது, 2023 பிப்ரவரியில் பிஎஸ் விஆர்2 ஹெட்செட்டோடு சேர்ந்தே வந்தது. ஹெட்செட் கட்டாயமில்லை, நான் இல்லாமலேதான் ஆடினேன். அடிப்படை ஆட்டம் அதேதான், இருபத்துச் சொச்ச வருஷத்துக்குப் பிறகும் மாற்றத் தேவைப்படவில்லை. படம் கூர்மை, ஏவி வயர்த் தொல்லை இல்லை. புதுக் கேம் ஒன்றின் முழு விலையைக் கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு இல்லை, தள்ளுபடி வரட்டும். வாங்கினால் டிவியில் படத்தை வழவழப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’கை முதலில் அணைத்துவிடுங்கள். அது ஓடினால் பொறிக்குப் பின்னால் ஆவி மாதிரி வால் ஒன்று இழுக்கும், மூன்றாவது உருண்டையைக் கோக்கக் கண் தடுமாறும்.