கழுத்தை மாலைக்கு விடுங்கள்

கல்யாணத்துக்கு நகை எடுக்கக் கிளம்பும் வீட்டார் நேராக நகைக்கடைக்குப் போகக் கூடாது. ஒரு காலைப்பொழுது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, ஆண்டாள் சன்னதியில் நிதானமாக நின்று பார்த்துவிட்டு, அப்புறம் கடைக்குப் போகட்டும். பங்குனி உத்திரத்தன்று வர முடிந்தால் இன்னும் நல்லது. அன்றைக்குத்தான் ஆண்டாளுக்கும் ரெங்கமன்னாருக்கும் திருக்கல்யாணம். திருப்பதியிலிருந்து வரும் பட்டு உடுத்தி அவள் மணக்கோலத்தில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு மணப்பெண் அலங்காரம் என்றால் என்னவென்று வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூட்டம் தள்ளுகிறதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். மேலிருந்து கீழாகப் பாருங்கள். முதலில் அந்தக் கொண்டை. இடப்பக்கம் சரிந்து, பூவைத் தாங்கிக்கொண்டு, முகத்துக்கே ஒரு சாய்வு கொடுத்துவிடும். அடுத்து நெற்றி, காது. பிறகு மாலை. கழுத்தில் எத்தனை ஆபரணம் பூட்டியிருந்தாலும் கண்ணில் முதலில் விழுவது மாலைதான். கடைசியில் இடது கையிலிருக்கும் கிளி.

அந்தக் கிளிக்கு அலகு மாதுளம்பூ. உடம்பு மரவள்ளி இலை. சிறகுக்கு நந்தியாவட்டை இலையும் பனை ஓலையும். கண்ணுக்குக் காக்காப்பொன். எல்லாவற்றையும் வாழைநாரால் கட்டி, தினம் தினம் புதிதாகச் செய்கிறார்கள். பொன்னுக்கும் மணிக்கும் குறைவில்லாத நாச்சியார் கையில், பார்த்தவர் ஊர் திரும்பியும் மறக்காத அணி இலையும் நாரும்தான். எத்தனை பவுன் என்று கேட்டே பழகிய நமக்கு இதை ஒருமுறை கிட்டத்தில் பார்ப்பது நல்லது.

அவளே தன் கல்யாணத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள்? நாச்சியார் திருமொழியில் வரும் ‘வாரணமாயிரம்’ முழுக்க அவள் கண்ட கல்யாணக் கனவு. அதில் பொன் இருக்கிறது, மாப்பிள்ளையை எதிர்கொள்ள வைத்த குடங்களில். முத்து இருக்கிறது, பந்தலில் சரம் சரமாக. மணப்பெண்ணின் உடம்பில் அவள் வைப்பது கூறைப்புடவை, மணமாலை, காப்புக் கயிறு, குங்குமம், சந்தனம். திருப்பாவையில் நோன்பு முடிந்து அணியப்போகும் நகைகளைச் சொல்லும் 27ஆம் பாசுரத்தைப் பாருங்கள். கூடாரவல்லி அன்று பாடுவோமே, அதுதான். முன்கைக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, காதுக்கு இரண்டு, காலுக்கு ஒன்று என்று பேர் சொல்லி ஐந்து நகை. மற்றவை எல்லாம் ‘பல்கலனும்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். காதுக்கு இரண்டு சொன்னவள் கழுத்துக்கென்று ஒன்றைக்கூடப் பேர் சொல்லவில்லை. இதற்கு உரைகாரர்கள் வேறு பொருள் சொல்லலாம். எனக்கு அது அலங்காரம் தெரிந்த ஒரு பெண்ணின் கணக்காகப் படுகிறது.

ஏனென்றால் முகூர்த்த நேரத்தில் கழுத்து நம்முடையது கிடையாது. அது மாலைக்கும் தாலிக்கும் உரிய இடம். இதை நான் என் கல்யாணத்துக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். ராஜபாளையத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். அப்பா சீட்டு எடுத்த பணத்தில் ஏழு பவுனுக்கு ஆரம் வாங்கியிருந்தார். ஆல்பம் வந்ததும் ஒவ்வொரு பக்கமாகத் தேடினோம். முகூர்த்தப் படம் ஒன்றில்கூட அந்த ஆரம் இல்லை. ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய மாலை அதை முழுக்க மூடியிருந்தது. எல்லாப் படத்திலும் இருந்தது அம்மாவின் ஏழு கல் கம்மல். அம்மா கல்யாணத்துக்குப் போட்டிருந்ததுதான். எண்ணெய் இறங்கி மங்கிக் கிடந்ததை முதல் நாள் ராத்திரி பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு கல்லாகத் தேய்த்துக் கொடுத்தாள். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

அதனால் சொல்கிறேன், பணத்தைக் காதுக்கும் தலைக்கும் கைக்கும் பிரித்து வையுங்கள். கழுத்துக்கு, தாலிக்கு மேலே ஒட்டி நிற்கும் ஓர் அட்டிகை போதும். அதிலும் பின்கழுத்தைப் பார்த்து எடுங்கள். நாத்தனார் முடிச்சுப் போடும்போது அட்டிகையின் பின்கயிறும் குஞ்சமும் ஜடையும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, கெட்டிமேளம் முழங்கும் நேரத்தில் நாலு பேர் குனிந்து பிரித்துக்கொண்டிருப்பதை எத்தனை கல்யாணத்தில் பார்த்துவிட்டேன்.

காதுக்கு ஜிமிக்கி என்றால் மாட்டலோடு எடுங்கள். மாட்டல் வெறும் அலங்காரம் இல்லை. ஜிமிக்கியின் கனத்தைக் கூந்தலுக்குக் கொண்டுபோய்க் காது தொங்காமல் காப்பது அதுதான். திருகாணி சுரையில் எத்தனை சுற்று இறங்குகிறது என்று திருகிப் பாருங்கள். ஒரே சுற்றில் நின்றால் வேண்டாம். ஜிமிக்கியைக் கையில் தூக்கி ஆட்டியும் பாருங்கள். நல்ல வேலைப்பாடு உள்ளதில் அடியில் தொங்கும் முத்துகள் ஒன்றாக அசைந்து ஒன்றாக நிற்கும்.

நெற்றிக்கு வரும்போது வீட்டு வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ராஜபாளையம் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. நெற்றியில் பாசிகம் கட்டும் வழக்கமுள்ள வீடாக இருந்தால் நெற்றிச்சுட்டி அதற்கடியில் ஒளிந்துவிடும். சூரியப்பிறையும் சந்திரப்பிறையும் மட்டும் வைத்தாலே முகம் நிறைந்துவிடும். ஆண்டாளைக் கொண்டாடுவதில் தெலுங்குக்காரர்கள் நமக்குக் குறைந்தவர்கள் இல்லை. கிருஷ்ணதேவராயர் அவள் கதையைத் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யத’ என்று காவியமாகவே எழுதினார். சூடிக் கொடுத்தவள் என்பதுதான் அந்தப் பெயருக்கும் பொருள்.

கையில் காப்பு கட்ட இடம் விடுங்கள். முழங்கை வரை வளையலை அடுக்கிவிட்டால், மாப்பிள்ளை கை பிடிக்கும்போது அவர் விரலுக்கும் உங்கள் மணிக்கட்டுக்கும் நடுவில் உலோகம்தான் இருக்கும். மெட்டியை அளவு பார்த்து வாங்குங்கள். அம்மியில் கால் வைக்கும் நேரத்தில் எல்லோர் கண்ணும் அங்கேதான் இருக்கும்.

சிவப்புக் கல் வைத்த கோயில் நகை மேல் ஆசை உள்ளவர்கள் நாகர்கோவில் வடசேரி வேலைப்பாட்டை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பழைய முறையில் அடியில் வெள்ளி, மேலே தங்கத் தகடு, நடுவில் கல். அதை முன்பக்கம் பார்ப்பதைவிடத் திருப்பிப் பார்ப்பதில்தான் ரசனை இருக்கிறது. பின்பக்கமும் சுத்தமாக முடித்திருந்தால் நல்ல கை செய்தது என்று நம்பலாம். ராக்கொடி, ஜடைநாகம் போன்ற ஒருநாள் நகையை இதில் வாங்கிக்கொள்வதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

தங்கமாகவே வாங்கினால், கல்லும் அரக்கும் போக நிகர எடை என்ன என்பதைப் பில்லில் தனியாக எழுதச் சொல்லுங்கள். ஹால்மார்க் முத்திரையில் 916 இருக்கிறதா, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி குறியீடு இருக்கிறதா என்று லென்ஸ் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் அந்தக் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது.

பழைய நகையை அழித்துப் புதுசு செய்வது பற்றியும் சொல்ல வேண்டும். கரிசல் காட்டுக் கிழவிகள் காதில் தொங்கிய பாம்படமும் தண்டட்டியும் பெரும்பாலும் உருகி வளையலாகிவிட்டன. எங்கள் அம்மாச்சியின் பாம்படமும் அப்படித்தான் போனது. உருக்கினால் எடை திரும்ப வரும், அந்தக் கை வேலை வராது. வீட்டில் பழைய கம்மலோ அட்டிகையோ இருந்தால் முதலில் துலக்கிப் போட்டுப் பாருங்கள். முகத்துக்கு ஒத்துவராவிட்டால் மட்டும் அழிப்பதைப் பற்றி யோசியுங்கள்.

ஆண்டாள் கோயிலுக்குள் ஒரு கிணறு இருக்கிறது. கண்ணாடிக் கிணறு என்பார்கள். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிக்கொண்டு, அந்தத் தண்ணீரில் அவள் அழகு பார்த்தாள் என்பது ஐதிகம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வெல்வெட் தட்டில் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கூறைப்புடவை நிறத்தில் ஒரு துணியைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். பூக்கடையில் சொல்லி ஒரு மாலை வாங்கிப் போங்கள். கழுத்தில் மாலை, காதில் கம்மல், கையில் வளையலோடு ஆளுயரக் கண்ணாடி முன் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிற நகைக்கு மட்டும் பணம் கொடுங்கள்.