இறங்கும் கால்

சுமோப் பயிற்சி பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மோஷியாய் எப்போது தொடங்கும் என்றே காத்திருக்கிறார்கள். வென்றவன் களத்தில் நிற்க, மற்றவர்கள் அடுத்த வாய்ப்புக்காக அவனை மொய்க்கிற அந்த அமளி எனக்கும் பிடிக்கும். ஆனாலும் அதற்கு முன்னால் நடக்கிற, கால்களை மாறி மாறித் தூக்கி மிதிக்கும் ஷிகோவுக்காகத்தான் நான் தூக்கத்தை விட்டுப் போகிறேன்.

டோக்கியோ ஹமாச்சோவில், அரஷியோ என்ற சுமோக் கூடத்தின் தெருப்பக்க ஜன்னல் வழியாகவே பயிற்சியைப் பார்க்கலாம். ஆனால் ஷிகோவை உள்ளே பலகைத் தரையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். தூக்கிய காலை விடுங்கள், ஊன்றிய காலைப் பாருங்கள். விரல்கள் மண்ணைக் கவ்வுகின்றன, தொடை லேசாக நடுங்குகிறது. பிறகு மேலே போன கால் இறங்குகிறது. முதலில் விரல்கள், அப்புறம் குதிகால், கடைசியாக இடுப்பு தாழ்கிறது. முகவாயிலிருந்து சொட்டும் வியர்வை களிமண்ணில் கரும்புள்ளியாகிறது.

வீரர் அபியின் ஷிகோதான் அழகு என்பார்கள். அந்த நீளக் கால் வானத்தைப் பார்த்து நிமிரும்போது அரங்கமே ஆர்ப்பரிப்பது நியாயம்தான். என் மனம் என்னவோ ஓய்வுபெற்ற ஹகுஹோவிடமே போகிறது. அவர் கால் அவ்வளவு உயரம் போகாது; ஆனால் ஏறிய நிதானத்திலேயே இறங்கும். மங்கோலியாவிலிருந்து வந்தபோது வெறும் 62 கிலோ இருந்த பையன். உச்சத் தரமான யோகோசுனா ஆன பிறகும் ஷிகோ, பாதங்களைத் தேய்த்து நகரும் சுரியாஷி, தூணை அறையும் தெப்போ என்று அடிப்படைகளிலேயே நெடுநேரம் ஊறிக் கிடப்பார். அவர் வென்ற 45 பட்டங்களுக்கும் வேர் அங்கேதான் என்பேன். பிற்காலத்தில் அவர் பிரயோகித்த கன்னத்து அறையையும் முழங்கை இடியையும் நானும் ரசித்ததில்லை. அதற்காக அந்த இடுப்பின் உறுதியை மறுக்க முடியுமா?

இப்போது பல இளைஞர்கள் எண்ணிக்கையை முடித்தால் போதும் என்று மிதிக்கிறார்கள். கால் முழங்கால் உயரம் போய்ப் பொத்தென்று விழுகிறது. அவர்கள் எடை தூக்கிப் பழகுவதை நான் குறை சொல்லவில்லை. நழுவும் தோள்மூட்டைக் காக்கத் தசை வளர்த்துத்தானே முன்னாள் யோகோசுனா சியோனோஃபுஜி 31 பட்டம் வென்றார்? ஆனால் தோளில் சேர்த்த பலம் களத்தில் செல்லுபடியாக, அதைத் தாங்கும் இடுப்பு வேண்டாமா?

பார்க்கப் போகிறவர்களும் தாமதமாகப் போய், வெள்ளை மவாஷி என்ற இடைக்கச்சை கட்டிய மேல்நிலை வீரர்களின் மோதலை மட்டும் படம் பிடித்துத் திரும்பிவிடுகிறார்கள். அனுமதிக்கும் கூடமென்றால் முதல் ஷிகோவுக்கே போய்விடுங்கள். கறுப்பு மவாஷி கட்டிய கீழ்நிலைப் பையன்களில் எவன் காலை அவசரப்படாமல் இறக்குகிறான் என்று பார்த்து வையுங்கள்.