அளவச்சும் மெழுகும்

மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிளை ஒட்டிய பாத்திரக் கடையொன்றில் என் தாயார் பித்தளைச் சேவைநாழி வாங்கிய அன்று, கடைக்காரர் எடுத்து வைத்த ஏழெட்டு நாழிகளையும் ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, மேற்கட்டையைக் குழலுக்குள் இறக்கி, அது தளர்ந்து ஆடுகிறதா, இறுகிப் பிடிக்கிறதா என்று வெகுநேரம் பரீக்ஷித்த காட்சி எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. கட்டை தளர்ந்திருந்தால் மாவு துளைவழியே இறங்காமல் ஓரத்தால் மேலேறி வரும். இறுகியிருந்தால் பாதி வழியில் சிக்கிக்கொண்டு பிழிகிறவரின் தோளைக் கழற்றிவிடும். இரண்டுக்கும் நடுவே, விரலால் எண்ணெய் தடவிய மாத்திரத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கும் அந்த ஒரே அளவுதான் நாழிக்கு லக்ஷணம் என்பது அவருடைய சித்தாந்தம். பல ஆண்டுகளுக்குப் பின், வார்த்தெடுத்த ஈயக் குண்டுகளை அளவுபடுத்தி மெழுகூட்டும் கைப்பிரஸ் ஒன்றின் நெம்புகோலை நான் முதன்முதலாகப் பிடித்தபோது, அந்தச் சித்தாந்தம் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் இங்கும் செல்லுபடியாவதைக் கண்டேன்.

வார்ப்பச்சிலிருந்து விழும் ஈயக் குண்டு கண்ணுக்குப் பூரண வட்டமாகவே தோன்றும். ஆயினும், 327 டிகிரி செல்சியஸில் உருகும் ஈயம் ஆறும்போது சுருங்குவதாலும், அச்சின் இரு பாதிகளும் நூலிழை விலகிச் சேர்வதாலும், கலவையிலுள்ள வெள்ளீயமும் ஆன்டிமனியும் வார்ப்புக்கு வார்ப்பு வேறுபடுவதாலும், ஒரே அச்சில் பிறந்த குண்டுகளிலும் சூக்ஷ்மமான வித்தியாசங்கள் நின்றுவிடுகின்றன. துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் சுருளாக ஓடும் பள்ளங்களின் விட்டத்தைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.025 மில்லிமீட்டர் மட்டுமே, குண்டு பெரிதாக இருக்கவேண்டும் என்பது அனுபவஸ்தர்கள் கைக்கொள்ளும் பிரமாணம். 0.357 அங்குலப் பள்ளமுள்ள குழலுக்கு 0.358 அங்குலக் குண்டு. அதற்குச் சிறுத்தால் வெடிமருந்தின் கொதிவாயு ஓரத்தால் பீறிட்டு, ஈயத்தை உருக்கிக் குழலெங்கும் பூசிவிடும். அப்படிப் பூசிய ஈயத்தைச் சுரண்டியெடுப்பது பகல் முழுவதையும் தின்னும் வேலை. குண்டின் இடுப்பிலுள்ள வளையப் பள்ளங்களில் மெழுகை நிரப்புவதும் இந்த உபத்திரவத்தைத் தடுப்பதற்கே.

இந்தியாவில் இந்த வேலையை வீட்டில் செய்ய வழியில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமமின்றித் தோட்டா செய்வதைத் திட்டமாகத் தடுக்கிறது. அது நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். ஆகவே, குண்டுக்கென்றே ஏற்பட்ட யந்திரத்தை நான் கையாண்டது, சொந்த உபயோகத்துக்காக வார்ப்பதற்கு உரிமம் கேட்காத டெக்சாஸில், என் மைத்துனர் வீட்டின் கார் கொட்டகையில்தான். அங்கே தங்கியிருந்த மூன்று வாரங்களில், காலை வெயில் ஏறுவதற்கு முன்பான இரண்டு மணி நேரத்தை நாள்தோறும் அதற்கே கொடுத்தேன்.

அவர் வைத்திருப்பது லைமன் 4500 என்னும் வார்ப்பிரும்பு யந்திரம். குண்டை அடிப்பாகம் கீழே இருக்கும்படி அச்சின் வாயில் நிறுத்தி நெம்புகோலை இழுத்தால், குண்டின் மூக்குக்கேற்பக் குடையப்பட்ட மேற்குத்தி ஒன்று இறங்கி அதனை அச்சுக்குள் அழுத்துகிறது. அச்சின் சுவரிலுள்ள சிறு துளைகளின் வழியே மெழுகு பாய்ந்து பள்ளங்களை நிரப்புகிறது. கோலை மேலே தள்ளினால் குண்டு வந்த வழியே திரும்பி எழுகிறது. பக்கத்திலுள்ள மெழுகுக் குழாயின் தலையில் ஒரு திருகு இருக்கிறது; சில குண்டுகளுக்கு ஒருமுறை அதை ராட்செட் சாவியால் சிறிது முடுக்கவேண்டும். இந்த முடுக்குதலில்தான் கைப்பழக்கத்தின் ரகசியம் முழுதும் அடங்கியிருக்கிறது. குறைவாக முடுக்கினால் பள்ளங்கள் பாதி வெறுமையாக நிற்கும். மிகுதியாக முடுக்கினால் மெழுகு குண்டின் அடியிலும் புகுந்து ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைக்காமல் விட்டால் வெடிமருந்தைக் கெடுக்கும். முதல் வாரம் நான் துடைத்த குண்டுகளே அதிகம். இரண்டாம் வாரத்தில், சாவி எந்த இடத்தில் கனக்கத் தொடங்குகிறதோ அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டுமென்பதைக் கை தானாகவே கற்றுக்கொண்டது.

யந்திரத்தின் உறுதியைக் குறித்து எனக்குப் பூரண திருப்தி. கனத்த பலகையில் போல்ட்டு முடுக்கி நிறுத்திவிட்டால் அது ஒரு மயிரிழைகூட அசைவதில்லை. இதன் அச்சுகளும் மேற்குத்திகளும் ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் லூப்-அ-மேட்டிக் யந்திரத்துக்கும் பொருந்துகின்றன; பழைய சாமான் வாங்குபவர்களுக்கு இது பெரிய சௌகரியம். ஆனால் ஒரு குறை அதன் அமைப்பிலேயே ஊறியிருக்கிறது. குண்டு இறங்கிய வழியிலேயே திரும்பி ஏறவேண்டியிருப்பதால், மேற்குத்தியின் குடைவு மூக்கோடு அணுவளவு ஒத்துவராவிட்டாலும் குண்டு சாய்ந்து இறங்குகிறது. ஒரு பக்கம் சீவப்பட்டு மறுபக்கம் தப்பிவிடுகிறது. அளவுபடுத்துவதற்காகவே அழுத்தினோம், அழுத்தியதன் பலனாகவே கோணலும் பிறந்தது. ஒவ்வொரு மூக்கு வடிவத்துக்கும் தனித்தனி மேற்குத்தி வாங்கினால் இந்தத் தொல்லை தீரும், செலவுதான் கூடும்.

ஸ்டார் என்னும் யந்திரம் இந்த இடத்தில் மேலானது. குண்டு மூக்கு முன்னாகத் தலைகீழாய் இறங்கி, நேரே அச்சைக் கடந்து அடியில் விழுந்துவிடுகிறது, திரும்புவதென்பதே இல்லை. மைத்துனரின் நண்பரிடம் ஒரு முற்பகல் மட்டுமே அதைக் கையாண்டேன் என்றாலும், வேகத்திலும் குண்டின் நேர்மையிலும் அது முந்தி நிற்பதை உணர அந்த நேரமே போதுமானதாயிருந்தது. எளிய செலவில் இதே தத்துவத்தைத் தருவது லீ நிறுவனத்தின் தள்ளச்சு. அதில் மெழுகுக் குழாய் கிடையாது. அலாக்ஸ் என்னும் திரவ மெழுகில் குண்டுகளைப் புரட்டி உலர்த்தி, பிறகு கீழிருந்து மேலாகத் தள்ளவேண்டியதுதான். தொட்டால் பிசுபிசுக்கும், பார்வைக்கும் நன்றாயிராது. ஆயினும் மாதத்தில் சில நூறு குண்டுகளுக்கு மேல் வார்க்காதவருக்கு நான் சிபாரிசு செய்வது அதையே.

மெழுகைப் பற்றி ஒரு வார்த்தை. தேன்மெழுகும் அலாக்ஸும் சமபங்கு சேர்ந்த கலவையே அமெரிக்காவில் நெடுநாளாக வழங்கிவரும் மருந்து. மைத்துனர் அதைச் சிறு அடுப்பில் இளக்கிக்கொண்டிருந்தபோது, அந்தத் தேன்மெழுகின் வாசனையில் என் மனம் 1857-க்குப் போய்விட்டது. என்பீல்டு ரைபிளின் தோட்டாக் காகிதத்தில் தடவியது பசுவின் கொழுப்பா, பன்றியின் கொழுப்பா என்ற சந்தேகம் அவ்வாண்டு ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் புகைந்து, மே 10-ஆம் தேதி மீரட்டில் தீயாய் எழுந்தது நாடறிந்த சரித்திரம். ஜனவரி மாதத்திலேயே, சிப்பாய்கள் தாங்கள் விரும்பிய பொருளைத் தாங்களே வாங்கித் தடவிக்கொள்ளலாம் என்று கம்பெனி அதிகாரிகள் இசைந்ததும், அந்த இசைவு எவருடைய ஐயத்தையும் தீர்க்காமற் போனதும் பலர் கவனியாத செய்தி. ஈயத்துக்கு வழுக்கல் வேண்டும் என்ற சாதாரணத் தொழில்விதி ஒன்று, அந்த வழுக்கல் எதனால் ஆனது என்று மனிதர்களிடம் சொல்லப்படாத காரணத்தால், ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டிவைத்திருக்கிறது. அந்த ரைபிளின் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. சுட்ட வேகத்தில் அதன் குடைந்த அடிப்பாகம் விரிந்து பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். இதனைப் பின்னால் வருவதற்காக இங்கே குறித்துவைக்கிறேன்.

செம்பூருக்குத் திரும்பியபின் எனக்கு எஞ்சியிருந்தது 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கியே. வரம்புக்குட்பட்ட விசையுடைய அந்த வகைக்கு உரிமம் வேண்டுவதில்லை. ஞாயிறுதோறும் வொர்லி சுடுதளத்துக்கு அதை எடுத்துப் போகிறேன். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் லண்டனில் வெண்கலம் பெற்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் நின்று சுட்டதும் இந்த 10 மீட்டர் காற்று ரைபிள் பந்தயத்தில்தான். அந்தப் பலகையில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொட்டு. அங்கே ரவையின் வடிவிலுள்ள குற்றம் மறைந்துகொள்ள இடமில்லை.

நான் வாங்கிய மலிவு ரவைகளில் சில குழல்வாயில் தானாகவே விழுந்தன. சிலவற்றைக் கட்டைவிரல் சிவக்கத் தள்ளவேண்டியிருந்தது. ஆகவே தாராவியில் 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரிடம் போய், இவற்றைத் தள்ளி அளவுபடுத்த ஓர் அச்சு கடைந்து தரவேண்டும் என்று கேட்டேன். அவர் ரவையொன்றை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "துளையை நான் சுத்தமாப் போட்டுத் தாரேன் தம்பி, எத்தனைக்குன்னு நீங்கல்லா சொல்லணும்? அளவு தெரியாம அழுத்தி என்ன பிரயோசனம்?" என்றார். அன்று என்னிடம் பதில் இல்லை. ஒரு நல்ல மைக்ரோமீட்டர் வாங்கிக்கொண்டு, ஒரு டப்பா ரவையை இரண்டு இரவுகள் உட்கார்ந்து அளந்தபின்னரே மறுபடி அவரிடம் போனேன். பிரஸ்ஸுக்கு முன்னால் அளவுகோலை வாங்குங்கள் என்று இதைப் படிப்பவர்களை வேண்டிக்கொள்கிறேன்.

சில்வர் ஸ்டீல் கம்பியை நறுக்கி, துளையிட்டு, ரீமர் ஓட்டி, வாயைப் புனல்போலச் சரித்து, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பதம் இறக்கி, கடைசியாகப் பித்தளைக் கம்பியில் எமரிப் பசை பூசித் துளையை மெருகிட்டார். பதமேற்றும்போது துளையின் அளவு சிறிது பிறழும். ஆகையால் மெருகிடுவதைக் கடைசிக்கு வைத்துக்கொண்ட அவருடைய கைத்தெளிவை நான் மிகவும் மதிக்கிறேன். தள்ளுவதற்கென்று புதிய பிரஸ் எதுவும் வாங்கவில்லை. தோல்பை தைக்கும் பட்டறையில் ஐலெட் அடித்து ஓய்ந்த கைமிஷின் ஒன்றை அவரே தேடிப் பிடித்து, அதன் அடியில் அச்சைப் பொருத்தி, மேலே ரவையின் குடைந்த அடிக்குள் நுழையும்படியான பித்தளைக் குத்தியை மாட்டிக் கொடுத்தார்.

முதல் அச்சு 4.50 மில்லிமீட்டர், அது தோல்வி. அந்தத் தோல்வியில்தான் மேலே குறித்துவைத்த என்பீல்டு குண்டு திரும்ப நினைவுக்கு வந்தது. காற்று ரவையின் தலை குழலின் வரிகளில் சவாரி செய்கிறது. அகன்று மெலிந்த அதன் அடிப்பாகமோ, காற்றின் அழுத்தத்தில் விரிந்து குழலை அடைத்துக்கொள்வதற்காகவே தலையைவிடப் பெரிதாக விடப்பட்டிருக்கிறது. என் அச்சு இரண்டையும் ஒரே அளவுக்கு நெரித்துவிட்டது. ரவைகள் எல்லாம் ஒரே மாதிரி ஆயின என்பது மெய். காற்று ஓரத்தால் கசிய, ஒரே மாதிரி பலவீனமாகவும் ஆயின. அடுத்து 4.55-இல் ஓர் அச்சு கடையச் சொன்னேன். டப்பாவில் குலுங்கி நசுங்கிய அடிகளை அது வட்டமாக்குகிறது, தலையைத் தொடுவதில்லை. இதன்பின் ரவைகள் வாயில் ஒரே இறுக்கத்தோடு அமர்கின்றன. பலகையில் தனியே தெறித்து விழும் துளைகள் குறைந்திருக்கின்றன. தலையின் வேறுபாட்டை எந்த அச்சும் தீர்க்காது. அதற்கு மைக்ரோமீட்டரும் பொறுமையுமே மருந்து. உயர்ந்த பந்தய ரவை வாங்குபவர் இந்த யந்திரத்துக்காகச் செலவிடவேண்டாம்.

மெழுகூட்டும் பகுதி இங்கே தேவையே இல்லை. சுருள்வில் துப்பாக்கியில் பெட்ரோலிய எண்ணெய் அழுத்த அறைக்குள் புகுந்தால், அங்கே காற்று நெருங்கும் வெப்பத்தில் எண்ணெய் பற்றி வெடித்து, வில்லையும் அடைப்பையும் கெடுக்கும். ஒரு துணியில் இரண்டு சொட்டு சிலிக்கோன் எண்ணெய் விட்டு ரவைகளை அதில் உருட்டியெடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைப்பதில்லை. இந்தக் கைமிஷினும் அதன் துணியும் சமையலறைப் பக்கம் வருவதில்லை என்பது வீட்டில் கண்டிப்பான விதி.

ஜூன் பிறந்துவிட்டால் செம்பூர்க் காற்றின் ஈரம் எஃகை ஒரே இரவில் செம்பழுப்பாக்கிவிடுகிறது. அச்சை வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியில் சுற்றித் தகர டப்பாவில் அடைத்துவைக்கிறேன். துளையின் மெருகு போனால் ஈயம் பற்றிக்கொண்டு ரவையைக் கீறும். போன ஞாயிறு அந்த மெருகைப் பார்க்கக் கொண்டுபோனபோது, அண்ணாச்சி அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் உற்றுப் பார்த்து, "இன்னும் ரெண்டு மழைக்குத் தாங்கும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.