சுழல்வதும் ஆடுவதும்

ஜொகூர் பாரு வெயிலில் நிற்கும் கறுப்பு மைவி காரின் பானெட்டைப் பாருங்கள். சூரியன் பட்ட இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல மெல்லிய கீறல்கள் மின்னும். பெரும்பாலும் மணல் ஒட்டிய துணியின் கைவரிசை அது. மெழுகு பூசினால் கொஞ்ச நாள் மறையும், அவ்வளவுதான். நிரந்தரமாகப் போக்க, பெயிண்டின் மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டைச் சற்றே தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். அதன் கனமோ பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான்தான். அதனால்தான் பாலிஷ் மெஷினைப் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

மெஷினில் இரண்டு வகை. ரோட்டரி ஒரே அச்சில் சுழலும், வேகமாக வெட்டும். ஒரே இடத்தில் நின்றால் சூடேறி, கதவு விளிம்பில் பெயிண்டையே எடுத்துவிடும். டூயல் ஆக்‌ஷன் சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும். ஓங்கி அழுத்தினால் சுழற்சி நின்று வெறும் ஆட்டம் மட்டும் மிஞ்சும். அந்தப் பலவீனமே புதியவருக்குப் பாதுகாப்பு. கைதேர்ந்தவர்கள் மெஷினின் சுழலும் வட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைப்பார்கள். கோடு சுற்றுவது கண்ணில் பட்டால் வேலை நடக்கிறது, நின்றால் கையைத் தளர்த்த வேண்டும்.

அடுத்தது ஆட்டத்தின் அகலம். சாதாரண மெஷின்களில் 8 மி.மீ., இத்தாலியின் ரூபெஸ் பிக்ஃபுட்டில் 15, 21 மி.மீ. என உண்டு. 21 அகன்ற பானெட்டில் அள்ளிக்கொண்டு போகும், வளைந்த பம்பரில் தடுமாறும்.

வீட்டுக்கு ஒரே மெஷின் என்றால் 15 மி.மீ. டூயல் ஆக்‌ஷன் போதும். நிழலில் நிறுத்தி, பெயிண்ட் ஆறிய பிறகே தொடங்குங்கள். ரோட்டரியைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.